சூட்கேஸ் குளிசையும் அமெரிக்க மருந்துக் காப்புறுதியும்

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. வயது 69. கணவருக்கு 72, துறைமுகத்தில் வேலை செய்தவர். உவர்மலையில் எங்கள் வீடு. 2021 செப்டெம்பரில் மகள் ஸ்பொன்சர் செய்து, கிறீன் கார்ட்டோடு நியூ ஜேர்சியில் எடிசனுக்குப் போனோம். கோணேசரைக் கும்பிட்டு வீட்டையும் பார்த்துப்போக இப்போது வந்திருக்கிறோம். வருகிற செப்டெம்பரோடு அங்கே ஐந்து வருடம் முடிகிறது. அதோடு முதியவர்களுக்கு அங்கத்தைய அரசு நடத்தும் மெடிக்கெயார் காப்புறுதியில் சேரலாமாம். அதில் ஏ (ஆஸ்பத்திரிச் செலவுக்கு), பி (வைத்தியர் செலவுக்கு) இரண்டையும் எடுப்பதென்று மகள் முடிவு செய்துவிட்டாள். மருந்துக்கென்று 'பாட் டி' ஒன்றும் எடுக்கவேண்டுமாம். தபாலில் வரும் விளம்பரங்களில் ஒரு கம்பனி மாதம் 0 டொலர் என்கிறது, இன்னொன்று 50 டொலர் கேட்கிறது. நாங்கள் எங்கள் குளிசைகளை இங்கிருந்தே சூட்கேசில் கொண்டுபோகிறோம். எனக்கு மெட்போமின், கிளிக்லசைட், லொசாட்டன், அட்டோவஸ்டட்டின். கணவருக்கு இதயத் துடிப்பு ஒழுங்கில்லாததால் அபிக்ஸபான், அதோடு பைசொப்ரொலோல், அட்டோவஸ்டட்டின். இப்படியிருக்க இந்தக் காப்புறுதி எதற்கு? எடுத்துத்தான் ஆகவேண்டுமென்றால் அந்த 0 டொலர் திட்டத்தையே இரண்டு பேருக்கும் எடுத்துவிடலாமா?
– வாசகி, திருகோணமலை

பதில்:

அன்புள்ள ரீச்சர்,

நியூ ஜேர்சியில் பாமசி கவுண்டருக்குப் பின்னால் பல வருடம் நின்றுவிட்டு ஊருக்குத் திரும்பியவன் நான். உங்கள் கடிதத்தில் இருக்கிற சூட்கேசை எனக்கு நன்றாகத் தெரியும். மிளகாய்த்தூள், ஒடியல், கருவாடு, அடியில் ஒரு வருடக் குளிசை. 2022 இல் அதே சூட்கேஸ் எதிர்ப்பக்கம் வந்தது. இங்கே பாமசித் தட்டுகள் காலியாகக் கிடந்த நேரம் அங்கேயிருக்கிற பிள்ளைகள்தான் பிறசர் குளிசை அனுப்பினார்கள். ஆகவே இந்தப் பழக்கத்தைப் பார்த்து நான் சிரிக்கமாட்டேன். ஆனால் உங்கள் கேள்விக்கு, குறிப்பாக ஐயாவின் விடயத்தில், சூட்கேஸ் பதிலாகாது.

முதலில் உங்கள் பட்டியலைப் பார்ப்போம். மெட்போமின், லொசாட்டன், அட்டோவஸ்டட்டின், பைசொப்ரொலோல் நான்கும் அமெரிக்காவிலும் மலிவானவை. காப்புறுதியே இல்லாமல் மாதம் சில டொலருக்கு விற்கும் பெரிய கடைகள் இருக்கின்றன. இவற்றை ஒன்பதாயிரம் மைல் சுமந்துபோவதில் மிச்சம் பிடிக்க ஒன்றுமில்லை. கிளிக்லசைட் வேறு கதை. அந்த மருந்துக்கு அமெரிக்காவில் அனுமதியே இல்லை. ஒவ்வொரு திட்டமும் தான் காசு கட்டும் மருந்துகளுக்கு ஒரு பட்டியல் வைத்திருக்கும். எந்தத் திட்டத்தின் பட்டியலில் தேடினாலும் இது கிடைக்காது, அங்கத்தைய வைத்தியரும் எழுதமாட்டார். அவர் கிளிமெப்பிரைட் அல்லது கிளிப்பிசைட் என்று மாற்றித் தருவார், இல்லையென்றால் வேறு வகை மருந்துக்குப் போவார். இந்த மாற்றத்தைச் செய்துவிட்டுத்தான் திட்டம் தேடவேண்டும். இல்லாத மருந்தை வைத்துப் போடுகிற கணக்கு பிழைக்கும். பெயர்களும் மாறும். நாங்கள் சல்பியூட்டமோல் என்பதை அவர்கள் அல்பியூட்டரோல் என்பார்கள், பரசிட்டமோல் அங்கே அசெற்றாமினோபென்.

அபிக்ஸபானில்தான் பணம் இருக்கிறது. இங்கே இந்திய, பங்களாதேஷ் தயாரிப்புகள் வருவதால் ஏதோ சமாளிக்கிற விலையில் வாங்குகிறீர்கள். அமெரிக்காவில் அது இன்னும் 'எலிக்குவிஸ்' என்ற ஒரே பெயரில்தான் விற்பனையாகிறது. மற்றக் கம்பனிகள் செய்வதற்கு 2019 இலேயே அனுமதி கிடைத்துவிட்டது. ஆனால் காப்புரிமை வழக்குகளின் முடிவால் 2028 ஏப்ரலுக்கு முன்னர் அவை கடைக்கு வரமுடியாது. 2023 இல் கம்பனி அறிவித்த அதன் விலை மாதத்துக்கு 521 டொலர். 2022 இல் வந்த சட்டத்தின்படி அமெரிக்க அரசு கம்பனிகளோடு நேரே பேரம் பேசி முதல் பத்து மருந்துகளின் விலையைக் குறைத்தது. அந்த விலைகள் 2026 ஜனவரி முதல் நடைமுறையில் இருக்கின்றன. எலிக்குவிஸ் இப்போது மெடிக்கெயார் மருந்துத் திட்டங்களுக்கு மாதம் 231 டொலர்.

கொண்டுபோகத்தான் போகிறோம் என்றால், அளவு தெரிந்திருக்கவேண்டும். சொந்தப் பாவனைக்கு மூன்று மாத அளவுக்கு மேல் கொண்டுவராதீர்கள் என்பதுதான் அங்கே பொதுவாகச் சொல்லப்படுவது. ஒரு வருட மூட்டை அதில் அடங்காது. அதைவிடப் பெரிய பயம் ஒன்று எனக்கு உண்டு. அபிக்ஸபான் போன்ற இரத்தக்கட்டித் தடுப்பு மருந்து இரண்டு நாள் தவறினாலே ஆபத்து. பெட்டி டோஹாவில் நின்றுபோய், ஐயா எடிசனில் குளிசையில்லாமல் இருந்தால் என்ன செய்வீர்கள்? அவருடைய குளிசை எப்போதும் கைப்பையில் இருக்கட்டும்.

இனிக் காப்புறுதிக்கு வருவோம். பாட் டி என்பது 2006 ஜனவரியில் தொடங்கியது. அரசு சட்டம் போடும், தனியார் கம்பனிகள் திட்டம் விற்கும். மெடிக்கெயாரில் ஏ அல்லது பி இருக்கிற ஒருவர் மேலதிகமாக எடுப்பது. செலவு நான்கு இடத்தில் ஒளிந்திருக்கும், விளம்பரம் காட்டுவது முதலாவதை மட்டும்.

அந்த முதலாவதுதான் பிறீமியம், மாதா மாதம் கட்டுவது. குளிசை வாங்கினாலும் வாங்காவிட்டாலும் போகும். அடுத்தது டிடக்ரபிள். வருடத் தொடக்கத்தில் கம்பனி கை வைப்பதற்கு முன் நீங்கள் முழு விலையில் கட்டித் தீர்க்கும் தொகை. 2026 இல் எந்தத் திட்டமும் இதை 615 டொலருக்கு மேல் வைக்கமுடியாது. குறைவாக வைக்கலாம், வைக்காமலும் விடலாம், மலிவு மருந்துகளுக்கு மட்டும் விலக்கலாம். அது தீர்ந்த பிறகு ஒவ்வொரு முறை வாங்கும்போதும் உங்கள் பங்கு. சில திட்டத்தில் அது விலையில் நூற்றுக்கு 25, சில திட்டத்தில் குறித்த ஒரு தொகை. நான்காவது, பட்டியலில் இல்லாத மருந்து. அதை முழு விலைக்குத்தான் வாங்கவேண்டும்.

இதற்கெல்லாம் மேலே ஒரு கூரை இருக்கிறது. 2026 இல் பட்டியலில் உள்ள மருந்துகளுக்கு உங்கள் கையிலிருந்து 2,100 டொலர் போனதும், அந்த வருடம் முடியும்வரை மிச்சம் இலவசம். இந்தக் கூரை 2025 இல்தான் வந்தது, அப்போது 2,000. அதற்கு முன்னர் நான் கவுண்டரில் நின்ற காலத்தில் 'டோனட் ஓட்டை' என்று ஒரு கட்டம் இருந்தது. ஓகஸ்ட், செப்டெம்பர் வந்தால் போன மாதம் 40 டொலர் கட்டிய கிழவர் இந்த மாதம் அதைவிடப் பல மடங்கு கட்டவேண்டும். அவருக்கு அதை விளங்கப்படுத்துவது என் வேலை. எனக்கே முழுதாக விளங்கவில்லை என்பதை அவரிடம் சொன்னதில்லை. அந்த ஓட்டை இப்போது மூடப்பட்டுவிட்டது. பிறீமியம் மட்டும் அந்த 2,100 இல் சேராது என்பதை நினைவில் வையுங்கள்.

நீங்கள் கேட்ட 0 டொலரையும் 50 டொலரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கணக்குப் போடுவோம். கணக்குப் போடுவதற்காக நானே விபரங்களை வைக்கிறேன். 0 டொலர்த் திட்டத்துக்கு 615 டிடக்ரபிள், பிறகு அபிக்ஸபானுக்கு நூற்றுக்கு 25. 50 டொலர்த் திட்டத்துக்கு டிடக்ரபிள் இல்லை, அபிக்ஸபானுக்கு மாதம் 47. சாதாரண மலிவுக் குளிசைகள் இரண்டிலும் 0.

உங்களுக்கு ரீச்சர், கேள்வியே இல்லை. உங்கள் குளிசை எல்லாம் மலிவு. ஒன்றில் வருடம் 0, மற்றதில் 600.

ஐயாவுக்கு வருடம் முழுவதும் எடுத்தால், 0 டொலர்த் திட்டத்தில் ஜனவரி 231, பெப்ரவரி 231, மார்ச்சில் டிடக்ரபிளின் மிச்சமும் பங்கும் சேர்த்து 172.50, பிறகு மாதம் 57.75. மொத்தம் 1,154.25 டொலர். 50 டொலர்த் திட்டத்தில் பிறீமியம் 600, அபிக்ஸபான் 564, மொத்தம் 1,164. பத்து டொலர்தான் வித்தியாசம்! ஒன்றுக்கு 'இலவசம்' என்று பெயர், மற்றதற்கு 'விலை கூட' என்று பெயர், வருடக் கடைசியில் இரண்டும் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன.

ஆனால் நீங்கள் ஜனவரியில் தொடங்கப்போவதில்லை. செப்டெம்பரில் தொடங்கினால் 2026 க்கு நான்கு மாதம்தான் மிச்சம். டிடக்ரபிளை மாதக் கணக்கில் குறைக்கமாட்டார்கள், நான்கு மாதத்துக்கும் முழு 615 தான். ஐயா 0 டொலர்த் திட்டத்தில் செப்டெம்பரிலிருந்து டிசெம்பர்வரை 692.25 கட்டி முடிப்பார். ஜனவரி முதலாம் திகதி கணக்கு அழிந்து டிடக்ரபிள் மறுபடி தொடங்கும். 50 டொலர்த் திட்டத்தில் அதே நான்கு மாதத்துக்கு 388. ஆகவே இந்த வருடக் கடைசிக்கு டிடக்ரபிள் இல்லாத திட்டம்தான் அவருக்கு இலாபம். 2027 க்கு என்ன செய்வதென்று ஒக்டோபர் 15 இலிருந்து டிசெம்பர் 7 வரை திறக்கும் காலத்தில் மறுபடி பார்த்து, வேண்டுமானால் மாற்றலாம்.

இதிலேயே உங்கள் இரண்டாவது கேள்விக்கும் பதில் வந்துவிட்டது. பாட் டியில் குடும்பத் திட்டம் என்று ஒன்று இல்லை. புருசன் பெண்சாதி என்றாலும் ஆளுக்கொரு திட்டம், ஆளுக்கொரு கார்ட். மகளின் வேலைத்தலக் காப்புறுதி எல்லோரையும் ஒரே கார்ட்டில் மூடியிருக்கும், அதனால் அவளும் இரண்டு பேருக்கும் ஒன்றையே எடுக்க நினைக்கலாம். சொல்லி விடுங்கள்.

மாதத் தொகை பயமாக இருந்தால், மருந்துச் செலவை வருடம் முழுவதும் பிரித்து மாதா மாதம் கட்டும் வசதியை 2025 இலிருந்து எல்லாத் திட்டமும் கொடுக்கவேண்டும். வட்டி இல்லை. கேட்டால்தான் தருவார்கள். ஜனவரியில் பெரிய தொகை வருகிறவர்களுக்கு இது நல்லது, செப்டெம்பரில் தொடங்குகிற உங்களுக்குப் பிரிக்க மாதங்களே குறைவு.

இப்போது இன்னொரு விடயம். மேலே போட்ட கணக்கு முழுவதையும் தூக்கியெறியக்கூடியது. மெடிக்கெயாரில் வருமானம் குறைந்தவர்களுக்கு 'எக்ஸ்ட்ரா ஹெல்ப்' என்று ஓர் உதவி இருக்கிறது. 2025 இல் தம்பதிக்கு ஆண்டு வருமானம் 31,725 டொலருக்குள்ளும் சேமிப்பும் சொத்தும் 35,130 டொலருக்குள்ளும் இருக்கவேண்டும் என்று வைத்திருந்தார்கள். வருமான எல்லை வருடா வருடம் சற்றுக் கூடும். உங்கள் ஓய்வூதியத்தை டொலராக மாற்றிப் பாருங்கள். எல்லையின் பக்கத்தில்கூட வராது. மகளின் சம்பளம் உங்கள் வருமானம் அல்ல. இது கிடைத்தால் டிடக்ரபிள் இல்லை. 2026 இல் சாதாரண மருந்துக்கு (பல கம்பனிகள் பொதுப் பெயரில் செய்வது) அதிகபட்சம் 5.10 டொலர், பெயர்பெற்ற மருந்துக்கு (எலிக்குவிஸ் போல ஒரு கம்பனி தன் சொந்தப் பெயரில் விற்பது) 12.65. ஐயாவின் அபிக்ஸபான் வருடத்துக்கு 151.80 டொலராகிவிடும். ஆகவே திட்டம் தேடுவதற்கு முன் சோஷல் செக்கியூரிட்டி அலுவலகத்தில் இந்த விண்ணப்பத்தைப் போடுங்கள்.

விண்ணப்பத்தில் ஒரு கேள்வி இடறும்: குடியிருக்கிற வீட்டைத் தவிர வேறு காணி, வீடு இருக்கிறதா? உவர்மலை வீடு உங்கள் பெயரில் இருந்தால் 'ஆம்' என்றுதான் எழுதவேண்டும். "அது ஊரில் இருக்கிறது, அவர்களுக்கு எப்படித் தெரியும்" என்று யாராவது புத்தி சொன்னால் கேட்காதீர்கள். பொய் சொன்னால் குற்றம் என்று தெரிந்துகொண்டு போடுகிற கையெழுத்து அது. எங்கள் பக்கத்து வழக்கப்படி வீடு இளைய மகளுக்குச் சீதனமாக எப்போதோ உறுதி முடித்துப் போயிருந்தால், அது உங்களதே இல்லை, கதை முடிந்தது. உறுதியை எடுத்து ஒருமுறை பாருங்கள். வாய்ப்பேச்சில் கொடுத்த வீடுகள் எங்கள் ஊரில் எத்தனையோ.

வீட்டால் அந்த உதவி கிடைக்காமல் போனாலும் நியூ ஜேர்சிக்காரருக்கு இன்னொரு வழி இருக்கிறது. மாநில அரசு 65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு நடத்தும் 'பாட்' (PAAD) என்ற மருந்து உதவித் திட்டம். 'பாட் டி' வேறு, இது வேறு. அது வருமானத்தைத்தான் பார்க்கும், சொத்தைப் பார்க்காது. சாதாரண மருந்துக்கு 5 டொலர், பெயர்பெற்ற மருந்துக்கு 7. அதைப் பெற பாட் டியில் சேர்ந்திருக்கவேண்டும், சில அடிப்படைத் திட்டங்களுக்குப் பிறீமியத்தையும் அதுவே கட்டும். வேறு மாநிலத்தில் இருக்கிற உங்கள் சொந்தக்காரர் "எங்களுக்கு அப்படி ஒன்றும் இல்லையே" என்று சொன்னால் அவர் சொல்வதும் சரி.

"எதற்கு இந்தக் காப்புறுதி" என்று கேட்டிருந்தீர்கள். ஏ, பி எடுத்துவிட்டு டியை விட்டால் தண்டம் ஏறும். அதற்குச் சமமான வேறு மருந்துக் காப்புறுதி இல்லாமல் கழிகிற ஒவ்வொரு மாதத்துக்கும் நூற்றுக்கு ஒன்று. 2026 இல் அதைக் கணக்கிடும் அடிப்படைத் தொகை 38.99 டொலர். இரண்டு வருடம் கழித்து எடுத்தால் 24 வீதம், மாதம் சுமார் 9.40 டொலர், டி வைத்திருக்கும் காலம் முழுவதும். சூட்கேஸ் குளிசையைச் சமமான காப்புறுதி என்று ஏற்கமாட்டார்கள். ஆனால் தண்டத்தைவிட எனக்குப் பெரிதாகப் படுவது கூரைதான். இன்றைக்கு நீங்கள் எடுக்கிற குளிசைகளுக்கு மட்டும் காப்புறுதி எடுப்பதில்லை. மாதம் பல ஆயிரம் டொலர் விலையுள்ள புற்றுநோய்க் குளிசைகளை நான் கைப்பட எண்ணிக் கொடுத்திருக்கிறேன். அப்படி ஒன்று எழுதப்படுகிற நாளில் டி இல்லாதவர் அடுத்த திறப்புக்காலம்வரை காத்திருக்கவேண்டும். இருப்பவர் 2,100 உடன் நிற்பார்.

இன்சுலின் வரவேண்டியிருந்தால் மாதம் 35 டொலருக்கு மேல் போகாது. அக்கிப் புண்ணுக்கான ஊசி போன்ற பெரியவர்களுக்கான தடுப்பூசிகள் டி இருந்தால் இலவசம். விற்றமின், சத்துக் குளிசை இதற்குள் வராது. சித்த மருந்து கேட்கவே வேண்டாம்.

காலக்கணக்கு உங்களுக்குச் சாதகமாகவே இருக்கிறது. செப்டெம்பர்தான் தகுதி மாதம் என்றால், ஜூன் தொடக்கத்திலிருந்து டிசெம்பர் கடைசிவரை ஏழு மாதம் பதிவுக்காலம். செப்டெம்பர் முதலாம் திகதி தொடங்கவேண்டுமென்றால் ஓகஸ்டுக்குள் முடியுங்கள். ஐந்து வருடமும் தொடர்ந்து அங்கே வாழ்ந்திருக்கவேண்டும் என்பதுதான் விதி. சில கிழமைக்கு ஊருக்கு வந்துபோவதில் பிரச்சினை இல்லை. ஆடி அமாவாசை பார்த்து, அப்படியே திருவிழாவும் பார்த்து என்று நாளை நீட்டாதீர்கள்.

தேடும் இடம் மெடிக்கெயாரின் சொந்த இணையத்தளம். மருந்தின் பெயர், மில்லிகிராம், நாளுக்கு எத்தனை, வாங்கப்போகும் பாமசி எல்லாம் போட்டால், பிறீமியமும் மருந்தும் சேர்ந்த செலவு ஒவ்வொரு திட்டத்துக்கும் வரும். அந்தக் கூட்டுத்தொகையைப் பார்த்துத் தெரிவு செய்யச் சொல்லுங்கள் மகளுக்கு. பாமசியை மாற்றிப் போட்டும் பாருங்கள், ஒரே திட்டம் ஒரே தெருவில் இரண்டு கடைக்கு இரண்டு விலை சொல்லும். ஒரு மருந்துக்குப் பக்கத்தில் 'முன் அனுமதி' என்று குறிப்பு இருந்தால், வைத்தியர் காரணம் எழுதி அனுப்பினால்தான் கம்பனி கட்டும் என்று அர்த்தம். இந்த வேலைக்குக் காசு வாங்காத ஆலோசகர்கள் ஒவ்வொரு மாநிலத்திலும் 'ஷிப்' என்ற பெயரில் இருக்கிறார்கள். அவர்கள் எந்தக் கம்பனிக்கும் விற்பவர்கள் அல்ல. வீட்டுக்கு ரெலிபோன் எடுத்து மெடிக்கெயார் இலக்கத்தைக் கேட்பவரிடம் எதுவும் சொல்லாதீர்கள்.

பாட் டி கார்ட் இங்கே செல்லாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மத்திய வீதியில் எந்தப் பாமசியிலும் அதை நீட்டிப் பிரயோசனமில்லை. அடுத்த முறை ஊருக்கு வரும்போது அங்கேயே மூன்று மாதக் குளிசையை ஒன்றாகக் கேட்டு வாங்கிக்கொண்டு வாருங்கள். பயணம் என்று சொன்னால் பாமசி கம்பனியோடு பேசி அனுமதி எடுக்கும்.

நீங்கள் அனுப்பிய மருந்துத் துண்டின் படத்தில் ஐயாவின் அபிக்ஸபான் 2.5 ஆ 5 ஆ என்று தெளிவில்லை, மடிப்பில் அழிந்திருக்கிறது. நான் 5 மில்லிகிராம், நாளுக்கு இரண்டு என்று வைத்துத்தான் கணக்குப் போட்டேன். விமானம் ஏறுவதற்கு முன் கிளினிக் வைத்தியரிடம் ஒரு புதுத் துண்டு, மருந்தின் பொதுப் பெயரில், ஆங்கிலப் பெரிய எழுத்தில் எழுதி வாங்குங்கள். உங்கள் கிளிக்லசைட்டின் அளவும், கடைசி மூன்று மாதச் சீனி அளவும் அதில் இருக்கட்டும். எடிசனில் மருந்து மாற்றப்போகிறவருக்கு அதுதான் முதலில் தேவைப்படும்.